முதலிபாளையத்திலிருந்து மட்டக்களப்பு ஆழ்கடலுக்கு... 53 மீட்டர் ஆழத்தில் காத்திருக்கும் கப்பல்!

முதலிபாளையத்தில் கடல் இல்லை. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் உப்புக்காற்று முகத்தில் பட பல மணி நேரம் பயணிக்க வேண்டும். திருப்பூரை ஒட்டிய இந்த ஊரில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது, பின்னலாடை வடிவமைப்பு கற்றுத்தரும் நிஃப்ட்-டீ கல்லூரி இருக்கிறது, துணி ரோல்களை ஏற்றிக்கொண்டு விரையும் வேன்கள் இருக்கின்றன. தண்ணீர் என்றால் கிணறும், கல் எடுத்து முடித்த பாறைக்குழியும்தான்.

ஆனாலும் கொங்குச் சீமைக்காரர்களுக்கு ஆழத்தின் மேல் ஒரு மோகம் உண்டு. ஆற்றிலும் குளத்திலும் நீச்சல் பழகும் ஊர்க்காரர்களுக்கு ஆழம் என்பது கொஞ்சம் கொஞ்சமாக வருவது. கிணற்றில் பழகுபவருக்கு அப்படி இல்லை. முதல் நாளே அடி தெரியாத தண்ணீர். இடுப்பில் சுரைக்குடுக்கையோ காலி கேனோ கட்டி, மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, படியிலிருந்து தள்ளிவிடுவார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் பையன்கள் மோட்டார் பம்பு மேடையிலிருந்து குதித்து, அடியில் போய் ஒரு பிடி மண்ணை அள்ளி வந்து காட்டுவார்கள். மண் வந்தால்தான் வீரம்!

அப்படி வளர்ந்த தலைமுறை இப்போது கையில் பணமும் விடுமுறையும் வைத்திருக்கிறது. மெர்ச்சண்டைசர்களும் நிட்டிங் யூனிட் வைத்திருப்பவர்களும் புதுச்சேரிக்கோ, கர்நாடகாவின் முருடேஸ்வர் பக்கத்து நேத்ராணிக்கோ, அந்தமானுக்கோ போய் ஸ்கூபா கற்றுக்கொள்வது இன்று வியப்பில்லை. 18 மீட்டர் ஆழத்துக்கான ஓப்பன் வாட்டர், 30 மீட்டருக்கான அட்வான்ஸ்டு, பிறகு பொழுதுபோக்கு முக்குளிப்பின் கடைசி எல்லையான 40 மீட்டர். அதற்கும் கீழே என்ன இருக்கிறது என்ற கேள்வி வரும்போதுதான் ‘மிக்ஸ்டு கேஸ்’ என்கிற கலப்பு வாயுப் பயிற்சி வருகிறது. அங்கே தவறான பயிற்சியைத் தேர்ந்தெடுத்தால் போவது பணம் மட்டுமல்ல.

தமிழ் பேசும் ஊர்களில் இந்தக் கேள்விக்கு ஒரு கண்கண்ட இலக்கு உண்டென்றால், அது மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹெர்மிஸ்.

1942, ஏப்ரல் 9

விமானம் தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல் ஹெர்மிஸ். 1919-ல் பிரிட்டனில் நீரில் இறக்கப்பட்டது. இதற்குப் பின்னால் வடிவமைக்கத் தொடங்கிய ஜப்பானின் ஹோஷோ முந்திக்கொண்டு கடற்படையில் சேர்ந்துவிட்டது, அது வேறு கதை. இரண்டாம் உலகப்போரில் ஹெர்மிஸ் திருகோணமலையில் நின்றிருந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்ற பீதியில் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைக் காலி செய்த கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே ஏப்ரல் மாதம்தான்.

9-ம் தேதி திருகோணமலைக்குக் குறி வைக்கப்பட்டது. தாக்குதல் வருமென்று தெரிந்து முதல் நாளே துறைமுகத்தை விட்டுத் தெற்கே போன ஹெர்மிஸை மட்டக்களப்புக்கு அருகே ஜப்பானிய விமானங்கள் கண்டுபிடித்தன. விமானம் தாங்கிக் கப்பலில் அன்று காப்பாற்ற ஒரு விமானம்கூட இல்லை. தாக்குதல் தொடங்கி அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. இறந்தவர்கள் 307 பேர். அருகிலிருந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல் வந்து நூற்றுக்கணக்கானோரைத் தண்ணீரிலிருந்து மீட்டது. ஹெர்மிஸோடு வந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வாம்பயரும் மூழ்கியது. அதே நாளில் அந்தக் கடற்பகுதியில் மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 24 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அட்வான்ஸ்டு அட்டை வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு வரலாம்.

ஹெர்மிஸ் கிடப்பது சுமார் 53 மீட்டரில். அந்தப் பதின்மூன்று மீட்டர் வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

பாழுங்கிணற்றைத் தூர்வார இறங்குவதற்கு முன் நம்மூரில் ஒரு வழக்கம் இருந்தது. கயிற்றில் ஒரு விளக்கைக் கட்டி உள்ளே இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டியில் இறங்கி விஷவாயு தாக்கி இறந்தவர்களின் செய்திகளைத் திருப்பூர்க்காரர்கள் அடிக்கடி படிக்கிறார்கள். முதலில் இறங்கியவரைக் காப்பாற்றப் போன இரண்டாமவரும் மூன்றாமவரும் சேர்ந்தே போவார்கள். வாயு எச்சரிக்கை கொடுத்துவிட்டு வருவதில்லை என்பதை இந்த ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கடலுக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு மடங்கு அழுத்தம் கூடுகிறது. 53 மீட்டரில் மேற்பரப்பைப்போல 6.3 மடங்கு. நாம் சாதாரணமாகச் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். இரண்டுமே மேலே நல்ல பிள்ளைகள். ஆழத்தில் நைட்ரஜன் போதை ஏற்றும். 30 மீட்டரைத் தாண்டினாலே பலருக்கு லேசான கிறக்கம் தெரியும். 50-க்குக் கீழே போனவர், கையிலுள்ள மீட்டரில் என்ன எண் இருக்கிறது என்று பார்ப்பார், ஆனால் அது எதைச் சொல்கிறது என்று புரியாது. சிலருக்கு அது சுகமாகவும் இருக்கும். அதுதான் பயங்கரம்.

ஆக்சிஜன் வேறு விதம். அழுத்தம் எல்லை மீறினால் வலிப்பு வரும். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் வாயிலிருந்து குழாய் விழும், அத்துடன் கதை முடிந்தது. மூன்றாவது சிக்கல் பலரும் பேசாதது: ஆழத்தில் காற்றே கெட்டியாகிவிடும். 53 மீட்டரில் 6 மடங்குக்கு மேல் அடர்த்தி. இழுக்கவும் விடவும் நெஞ்சு உழைக்க வேண்டும். கரியமில வாயு உடம்பில் தேங்கும், பதற்றம் கூடும், போதையும் கூடும்.

இதற்கு மருந்துதான் ஹீலியம். போதை தராத, எடை குறைந்த வாயு. ஆக்சிஜன், நைட்ரஜன், ஹீலியம் மூன்றும் சேர்ந்தால் அதற்கு ட்ரைமிக்ஸ் என்று பெயர். 21 சதவீத ஆக்சிஜனும் 35 சதவீத ஹீலியமும் கலந்த சிலிண்டரோடு ஹெர்மிஸுக்கு இறங்கினால், போதையளவு சுமார் 31 மீட்டரில் வெறும் காற்றைச் சுவாசிப்பதைப்போலத்தான் இருக்கும். வாயுவின் அடர்த்தியும் சுமார் 30 சதவீதம் குறையும்.

ஹீலியத்துக்கும் நம்ம பக்கத்துக்கும் ஒரு பழைய தொடர்பு இருப்பதைச் சொல்லாமல் போக முடியாது. 1868 ஆகஸ்ட் 18-ம் தேதி முழுச் சூரிய கிரகணத்தை அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் ஆராய்ந்தார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து பார்த்தார். அப்போது சூரிய ஒளியில் தென்பட்ட ஒரு மஞ்சள் கோட்டைப் பின்தொடர்ந்த ஆராய்ச்சிதான் ஹீலியம் என்ற தனிமத்தில் முடிந்தது. பூமியில் கிடைப்பதற்கு முன்பே சூரியனில் கண்டுபிடிக்கப்பட்ட வாயு! அடுத்த 70 ஆண்டுகளில் அது கடலுக்கடியில் போய்விட்டது. 1937-ல் அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் மேக்ஸ் நோல் ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசித்து 420 அடி இறங்கினார். 1939-ல் மூழ்கிய ஸ்குவாலஸ் நீர்மூழ்கிக் கப்பலை மீட்கும் பணியில் அமெரிக்கக் கடற்படை இதையே பயன்படுத்தியது.

இன்றைக்கு இந்தியா தனக்கு வேண்டிய ஹீலியத்தை அநேகமாக முழுவதும் இறக்குமதிதான் செய்கிறது. எம்.ஆர்.ஐ. இயந்திரங்களுக்கும் அதே வாயுதான். அதனால் விலை எக்கச்சக்கம்.

எந்த போர்டை நம்புவது?

பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ., 1994-ல் தொடங்கிய டி.டி.ஐ., ஐ.ஏ.என்.டி.டி., ஜி.யூ.இ. என்று பயிற்சி நிறுவனங்களின் பெயர்கள் புதியவரை மிரட்டும். எது சிறந்தது என்ற சண்டைக்கு முடிவே கிடையாது, அதில் இறங்கத் தேவையும் இல்லை. படிகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் ஆக்சிஜன் கூடுதலாக உள்ள நைட்ராக்ஸ். அடுத்து, வழியில் நின்று நின்று மேலே வரும் டீகம்ப்ரஷன் பயிற்சி, சுமார் 45 மீட்டர் வரை. அதன்பிறகுதான் ட்ரைமிக்ஸ். டி.டி.ஐ.யில் ட்ரைமிக்ஸ் 60 மீட்டர் வரை, அட்வான்ஸ்டு ட்ரைமிக்ஸ் 100 மீட்டர் வரை. பி.ஏ.டி.ஐ. தன் படிகளுக்கு டெக் 40, டெக் 45, டெக் 50, டெக் 65 என்று ஆழத்தையே பெயராக வைத்திருக்கிறது. ஜி.யூ.இ.யின் டெக் 1 பயிற்சி 51 மீட்டரில் நின்றுவிடும். ஹெர்மிஸின் தரையைத் தொட அது போதாது.

இதில் அட்வான்ஸ்டு ட்ரைமிக்ஸ் முதல் முறை போகிறவருக்கானதல்ல. 10 சதவீத ஆக்சிஜன் மட்டுமே உள்ள வாயுவை மேற்பரப்பில் நின்று சுவாசித்தால் மயக்கம் வந்துவிடும். ஆழத்துக்குப் போனால்தான் அது உயிர்வாயு. ஹெர்மிஸுக்கு அதெல்லாம் வேண்டாம்.

திருப்பூரில் ஒரு ஆர்டரை ஜாப் வொர்க்குக்குக் கொடுப்பவர், யூனிட் வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப் பலகையைப் பார்த்துக் கொடுப்பதில்லை. உள்ளே போய் மெஷினைப் பார்ப்பார், செக்கிங் டேபிளைப் பார்ப்பார், போன ஷிப்மென்ட்டில் எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆனது என்று கேட்பார். மூச்சையே ஒப்படைக்கும் இடத்தில் அதைவிடக் குறைவாக விசாரிப்பதில் நியாயமில்லை. பயிற்சியாளர் கடைசியாக எப்போது, மாணவர் யாரும் இல்லாமல், தனக்காக 50 மீட்டருக்குக் கீழே போய் வந்தார்? கற்பித்துக்கொண்டு மட்டும் இருப்பவருக்கும் தானும் முக்குளித்துக்கொண்டிருப்பவருக்கும் தூரம் அதிகம். அவரிடம் தேறாமல் போனவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்கலாம். ‘எங்கிட்ட எல்லாருமே பாஸ்’ என்ற பதில் வந்தால், டீக்காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவது நல்லது.

‘மூன்றே நாளில் ட்ரைமிக்ஸ் கார்டு’ என்ற விளம்பரமும் அந்த ரகம். ட்ரைமிக்ஸ் படிப்பில் சேரவே பெரும்பாலும் 18 வயதும் 100 முக்குளிப்புகளின் பதிவும் கேட்பார்கள். அந்த எண்ணிக்கையை நோட்டில் எழுதிக்கொள்ளலாம், உடம்பில் எழுத முடியாது. இரட்டைச் சிலிண்டரின் வால்வை முதுகுக்குப் பின்னால் கைவிட்டு மூடுவது, முகமூடி இல்லாமல் ஒரே ஆழத்தில் அசையாமல் நிற்பது, இதெல்லாம் ஆழமில்லாத நீரில் அலுத்துப்போகும்வரை செய்ய வைக்கும் இடமே நல்ல இடம். முதல் நாளே ஆழத்துக்குக் கூட்டிப்போகிறோம் என்பவரை விட, நீச்சல் குளத்தில் இரண்டு நாள் வறுத்தெடுப்பவர் மேல்.

சாயப்பட்டறையில் முழுத் துணியையும் நனைப்பதற்கு முன் லேப் டிப் போட்டு, பையர் ஷேடு அப்ரூவ் பண்ணின பிறகுதானே பல்க் போகும்? வாயுவுக்கும் அதேதான். சிலிண்டரை நிரப்பியவர் என்ன சொன்னாலும் சரி, சுவாசிக்கப் போகிறவர் தன் கையால் அனலைசரை வைத்து அளந்து, ஆக்சிஜன் சதவீதம், ஹீலியம் சதவீதம், அதைச் சுவாசிக்கக்கூடிய அதிகபட்ச ஆழம் மூன்றையும் சிலிண்டரின் மேல் ஒட்ட வேண்டும். ஏனென்றால் ட்ரைமிக்ஸ் முக்குளிப்பாளர் ஒரு சிலிண்டரோடு போவதில்லை. மேலே வரும் வழியில் 21 மீட்டரில் மாற்றிக்கொள்ள 50 சதவீத ஆக்சிஜன், 6 மீட்டரில் மாற்றிக்கொள்ளச் சுத்த ஆக்சிஜன் என்று இடுப்போரத்தில் இன்னும் இரண்டு தொங்கும். அந்த 50 சதவீத வாயுவை மறதியில் 53 மீட்டரில் வாயில் வைத்தால் ஆக்சிஜன் அழுத்தம் 3 மடங்கைத் தாண்டும். பாதுகாப்பு எல்லையோ 1.6. இந்த விளையாட்டில் உயிர் போகும் வழிகளில் இது மிகப் பழையது. பயிற்சி மையத்துக்குப் போன முதல் மணி நேரத்தில், அங்கிருக்கும் சிலிண்டர்களில் தேதியோடு கூடிய ஸ்டிக்கர் இருக்கிறதா என்று கண்ணை ஓட்டினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கட்டணம் கேட்கும்போது ஹீலியம் சேர்த்தா, சேர்க்காமலா என்று தெளிவாகக் கேட்பது அவசியம். தையல் கூலி பேசும்போது காஜா, பட்டன் சேர்த்தா என்று கேட்பதில்லையா, அதேபோல. சில இடங்களில் படிப்புக் கட்டணத்தைவிட வாயுவின் பில் கண்ணைக் கட்டும். அதை மிச்சம் பிடிக்க, ‘53 மீட்டர்தானே, காற்றிலேயே போயிடலாம்’ என்று சொல்லும் ஆட்களும் உண்டு. காற்றிலேயே 55 மீட்டர் வரை கற்றுத்தரும் பயிற்சிகள் இருக்கின்றன, காற்றோடு ஹெர்மிஸைப் பார்த்து வந்தவர்களும் இருக்கிறார்கள். போய் வந்தவர்கள்தானே கதை சொல்ல முடியும்! கிழக்குக் கடலின் நீரோட்டத்தில், துருப்பிடித்த இரும்புக்கும் சிக்கிய மீன்வலைக்கும் நடுவே, தெளிவான தலை வேண்டுமா என்பதுதான் கேள்வி. ஹீலியத்துக்குக் காசில்லை என்றால் 24 மீட்டர் பிரிட்டிஷ் சார்ஜன்ட்டே போதும். அதுவும் அழகான கப்பல்தான்.

தூத்துக்குடி சொல்லும் பாடம்

பயிற்சி இல்லாத ஆழம் என்ன செய்யும் என்பதைப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். மன்னார் வளைகுடாவில் பல நூற்றாண்டுகளாக முத்துக்குளித்தவர்கள் கல்லைக் கட்டி, மூச்சடக்கி இறங்கினார்கள். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதன்பின் சங்குகுளிப்பு தொடர்கிறது. மூச்சடக்கி இறங்கியவர்களின் பிள்ளைகளில் பலர் இன்று அழுத்தக் காற்றோடு இறங்குகிறார்கள். முறையான படிப்போ, எவ்வளவு நேரம் அடியில் இருக்கலாம் என்ற அட்டவணையோ அவர்களில் பலருக்கு யாரும் கொடுக்கவில்லை. வேகமாக மேலே வந்தால் உடம்பில் கரைந்திருந்த நைட்ரஜன், சோடா பாட்டிலைத் திறந்ததுபோலக் குமிழ்களாகக் கிளம்பும். மூட்டுவலியில் தொடங்கும், முதுகுத்தண்டைத் தாக்கினால் கால்கள் செயலிழக்கும். இதைத் தவிர்க்க நின்று நின்று மேலேறும் அட்டவணையை ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1908-லேயே வெளியிட்டுவிட்டார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தாள் வேம்பாற்றுக்கும் கீழக்கரைக்கும் முழுதாக வந்து சேரவில்லை. வார இறுதியில் ஆசைக்காகக் கற்பவருக்குக் கிடைக்கும் பயிற்சி, வயிற்றுப்பாட்டுக்காக இறங்குபவருக்குக் கிடைக்காதது இந்தத் துறையின் பெரிய அநீதி.

ஹீலியம் இருந்தாலும் குமிழ் தொல்லை போகாது. 20 நிமிடம் அடியில் இருந்தால், மேலே வர அதைவிட அதிக நேரம் பிடிக்கும். அவசரம் என்றாலும் நேராக மேலே வர முடியாது. இதயத்தின் மேலறைகளுக்கிடையே பிறவியிலேயே மூடாத ஒரு சிறு துளை நால்வரில் ஒருவருக்கு இருக்கும், வாழ்நாள் முழுக்கத் தொந்தரவு தராது. ஆனால் இந்தக் குமிழ்களுக்கு அது ஒரு குறுக்கு வழி. அதனால் முன்கூட்டியே மருத்துவரைப் பார்ப்பதும், முக்குளிப்புக்கான காப்பீடு எடுப்பதும், அழுத்த அறைச் சிகிச்சை பக்கத்தில் எங்கே இருக்கிறது, இப்போது வேலை செய்கிறதா என்று மையத்தில் கேட்பதும் கட்டாயம். இந்தியாவில் மும்பையின் கடற்படை மருத்துவமனையான அஸ்வினி இதற்குப் பெயர் பெற்றது. ‘அதெல்லாம் தேவைப்படாது சார்’ என்பது பதில் அல்ல.

துணை யார் என்பதும் சின்ன விஷயமில்லை. மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். ஒருவர் சிலிண்டர் காலியானால் மற்றவரின் வாயுவில்தான் இருவரும் மேலே வர வேண்டும். ஆகவே ஒரே பயிற்சியை இருவராகச் சேர்ந்து முடிப்பது உத்தமம்.

மீன் பாடும் ஊரில் ஒரு நாள்

எல்லாம் முடித்துக் கையில் அட்டை வந்தபின் பயணம் எளிது. திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ கொழும்புக்கு விமானம், கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து மட்டக்களப்புக்கு ரயில். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது ஏறக்குறைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் படகு கிளம்பாது, கேட்டுப் பயனில்லை.

கரையிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீலத்துக்குள் இறங்கினால், சில நிமிடங்களில் கீழே ஒரு பெரிய இருள் உருவம் எடுக்கும். 180 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல், சரிந்து, பவளமும் கடல்விசிறியும் போர்த்திக் கிடக்கிறது. நிறைய பேருக்கு அது கல்லறையும்கூட. எதையும் எடுக்கக் கூடாது, உள்ளே நுழையத் தனிப் பயிற்சி வேண்டும். 20 நிமிடத்தில் பார்க்க முடிவது கப்பலின் ஒரு மூலையைத்தான்.

மேலே வந்தபின் குறைந்தது 24 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், அடங்கியிருந்த குமிழ்கள் மறுபடி கிளம்பும். (இராமேஸ்வரத்திலோ புதுச்சேரியிலோ முக்குளித்துவிட்டு, ஊர் திரும்பும் வழியில் கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ வண்டியை ஏற்றுபவர்களுக்கும் இதே விதி பொருந்தும்.) அந்த ஒரு நாளை மட்டக்களப்பில் கழிப்பதில் கஷ்டம் ஒன்றுமில்லை. பாலமீன்மடு கலங்கரை விளக்கம் இருக்கிறது, வாவியோரத்துக் கோட்டை இருக்கிறது. நிலவு நாளாக இருந்தால் கல்லடிப் பாலத்தடியில் படகை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு அதன் மேல்முனையில் காதை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். வாவியின் அடியிலிருந்து மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்கும். மீன்கள் பாடுகின்றன என்பார்கள் ஊர்க்காரர்கள்.